ஜப்பானியப் பெயரடைகள் படிக்க ஆன்கி: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

ஜப்பானிய வர்ணனைச் சொற்களை மனதில் நிறுத்த, முன்பக்கம் சொல்லும் பின்பக்கம் பொருளும் கொண்ட நினைவட்டைகளைக் காட்டும் ஆன்கி செயலியைத்தான் நெடுநாளாகப் பயன்படுத்துகிறேன். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோனில் மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டும். மறந்துபோகும் நேரம் பார்த்து அட்டையைக் கண்முன் கொண்டுவந்துவிடும். எந்த அட்டை எப்போது வர வேண்டும் என்று தீர்மானிக்க 2023-இல் சேர்ந்த எஃப்எஸ்ஆர்எஸ் கணக்கு முறையை அமைப்புகளில் இயக்கிவிடுங்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த சொற்கள் அடிக்கடி வருவது அதன் பிறகு குறைந்தது.

ஆனால் பலன் முழுக்க நாம் அட்டையில் எழுதுவதைப் பொறுத்தது. முன்பக்கம் 'சமுய்', பின்பக்கம் 'குளிர்' என்று எழுதினால் போதாது. காற்றிலும் பருவத்திலும் உள்ள குளிர்தான் சமுய். தொட்டால் சில்லென்று இருக்கும் தண்ணீர் ட்சுமெதாய். மனிதரை ட்சுமெதாய் என்றால் ஈரமில்லாத நெஞ்சுக்காரர். மெல்லிய தாள் உசுய், மெல்லிய கயிறு ஹொசொய். அதனால் என் அட்டைகளில் பெயரடை தனியாக நிற்காது: 'ட்சுமெதாய் மிசு', 'உசுய் கமி', 'ஹொசொய் ஹிமோ' என்று பெயர்ச்சொல்லோடுதான் வரும். இதில் இலக்கணமும் சேர்ந்தே படிந்துவிடுகிறது. 'கிரெய்' இகரத்தில் முடிந்தாலும் நா வகைப் பெயரடை, அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன் 'னா' சேர வேண்டும். 'கிரெய்னா ஹனா', அழகான பூ, என்று வாய்க்குப் பழகிவிட்டால் அந்த விதியைத் தனியாக உருப்போட வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஒலிக்குறிப்புச் சொற்கள். மழை துளித்துளியாகத் தொடங்கினால் பொட்சுபொட்சு, சத்தமில்லாமல் நனைத்தால் ஷிதோஷிதோ, கொட்டித் தீர்த்தால் ஸாஸா. வலியிலும் இப்படித்தான்: விண்விண் என்று தெறித்தால் ஜுகிஜுகி, ஊசி குத்துவது போல் இருந்தால் சிகுசிகு. இரட்டைக்கிளவியோடு வளர்ந்த நமக்கு இவை சட்டென்று பிடிபடும். இந்த அட்டைகளில் பொருள் எழுதாமல் ஒலிப்பதிவும் படமும் மட்டும் வைத்துப் பாருங்கள், நன்றாக ஒட்டுகிறது.

சில நாள் தொடாமல் விட்டால் அட்டைகள் மலையாகக் குவிந்துவிடும். புதிய சொற்களின் தினசரி அளவைக் குறைவாக வைப்பதுதான் வழி. அப்புறம், ஆன்கியால் முடியாத ஒன்றும் உண்டு. என் மகிழ்ச்சிக்கு 'உரெஷீ' என்பேன். எதிரே இருப்பவர் மகிழ்ச்சியாகத் தெரிந்தால் 'உரெஷிஸோ' என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்தவர் மனதை நேரடியாக அறிந்ததுபோல் பேசாத அந்தப் பழக்கம், ஜப்பானியர்களோடு பேசிப் பேசித்தான் எனக்கு வந்தது.