நக்கிள்ஸ் நீர்வீழ்ச்சிப் பயணம்: படத்தில் இருந்த படகும் ஆற்றில் கிடைத்த வழிகாட்டியும்

திருகோணமலைக்குக் கடல் உண்டு, களப்பு உண்டு, கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் உண்டு. சொல்லும்படியான நீர்வீழ்ச்சி மட்டும் இல்லை. அதனால், நகரிலிருந்து இயங்கும் சிறு பயண ஏற்பாட்டாளர் ஒருவர், நக்கிள்ஸ் மலைத்தொடரில் நடந்தும் துடுப்புப் படகில் சென்றும் மட்டுமே அடையக்கூடிய ஒரு நீர்வீழ்ச்சிக்கு இரண்டு நாள் பயணம் என்று விளம்பரம் செய்தபோது, ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் நானும் அக்காவும் அக்காவின் மகனும் பதிவு செய்தோம். ஒருவருக்கு 14,500 ரூபாய். வாகனம், தங்குமிடம், உணவு, வழிகாட்டி, வனத் திணைக்களத்தின் நுழைவுச் சீட்டு எல்லாம் அதற்குள் அடக்கம் என்று சொன்னார்கள், அதன்படியே நடந்துகொண்டார்கள். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலில் வாகனம். அதிகாலை 4 மணிக்கு வருவதாகச் சொன்ன வான் 4.40க்கு வந்தது, குளிரூட்டி கந்தளாய் வரையில்தான் வேலை செய்தது. ஹபரணை, தம்புள்ளை, நாவுல வழியாகச் சென்று மொரகஹகந்த நீர்த்தேக்கத்தைக் கடந்து இலுக்கும்புர என்ற ஊரை அடையும்போது 10 மணி தாண்டிவிட்டது. சாரதி நிதானமானவர் என்பதால் தாமதத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிட்டவல பத்தன என்ற புல்வெளியில் அரை மணி நேரம் நிறுத்தினார்கள். அது எல்லாப் பயணக்காரர்களும் படம் எடுக்கும் இடம், நாங்களும் எடுத்தோம்.

ஆனால் அங்கே வீசிய காற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம்மூரில் ஓகஸ்டில் வீசும் கச்சான், உதட்டை வெடிக்க வைக்கும், கொடியில் போட்ட துணியை அரை மணியில் காய வைக்கும். அதே தென்மேற்குக் காற்றுத்தான் இந்த முகடுகளையும் தாண்டி வருகிறது. மழையை மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, கீழே இறங்க இறங்கச் சூடேறி நம்மிடம் வந்து சேருகிறது. இதைப் பாடப்புத்தகத்தில் பல வருடம் கற்பித்திருக்கிறேன். முகட்டில் கருமேகம் நிற்க, நாங்கள் நின்ற புல்வெளியில் வெயில் அடித்ததைக் கண்டபோதுதான் அது எனக்கே சரியாக விளங்கியது. இந்தக் காட்சி பிற்பகலில் எங்கள் பயணத்தையே தீர்மானிக்கும் என்று அப்போது தெரியாது.

நீர்வீழ்ச்சிக்கான வழி தெல்கமு ஓயாவின் கிளையோடை ஒன்றை ஒட்டிச் செல்கிறது. நடைபாதை என்று ஒன்று முதல் அரை மணி நேரத்துக்குத்தான் இருக்கிறது. அதன் பிறகு பாறைக்குப் பாறை தாவியும், முழங்காலளவு நீரில் நடந்தும், இரண்டு இடங்களில் கயிற்றைப் பிடித்து ஏறியும் செல்ல வேண்டும். அந்த ஊரைச் சேர்ந்த சிங்கள இளைஞர் ஒருவர் முன்னே நடந்தார். ஏற்பாட்டாளரின் உதவியாளரான திருகோணமலைத் தம்பி கடைசியில் வந்தார், மொழிபெயர்ப்பும் அவரே. அட்டைக்கடிக்காகக் காலுறைக்கு மேலே சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டார்கள். ஓரளவு பலன் இருந்தது. அக்காவுக்கு மட்டும் ஏழு அட்டைகள்.

ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நடந்த பிறகு, இன்னும் இருபது நிமிடம்தான், நீர்வீழ்ச்சியின் ஓசைகூடக் கேட்கிறது என்ற நிலையில், முன்னால் சென்ற இளைஞர் நின்று ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போல் ஓடிய நீர் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. சருகுகளும் சிறு சுள்ளிகளும் மிதந்து வந்தன. எங்கள் தலைக்கு மேலே ஒரு துளி மழை இல்லை. "டீச்சர், தண்ணி கலங்கி வருது. மேல மழை பெய்யுது போல. இண்டைக்கு இதோட திரும்புவம்" என்றார் தம்பி. குழுவில் வந்த இருவர், இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், காசும் கட்டியிருக்கிறோம் என்று வாதாடினார்கள். வழிகாட்டி பதில் சொல்லவில்லை. கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். ஓடையை விட்டு விலகி, காட்டுச் சரிவில் ஏறி, சுற்று வழியாக எங்களை இறக்கினார்கள். அரை மணி நேரத்தில், நாங்கள் தாவிக் கடந்த பாறைகளில் பாதி நீருக்குள் போய்விட்டதை மேலிருந்து பார்த்தோம். வாதாடியவர்களும் பார்த்தார்கள்.

இந்த ஒரு முடிவுக்காகவே நான் இந்தச் சேவையை மற்றவர்களுக்குச் சொல்லுவேன். நீர்வீழ்ச்சியைக் காட்டினால்தான் வாடிக்கையாளர் திருப்தி அடைவார் என்ற தொழிலில், காட்டாமல் திரும்புவதற்கு ஒரு துணிவு வேண்டும்; அந்தத் துணிவு சம்பளத்துக்கு வந்த ஊர் இளைஞரிடம் இருந்தது, ஏற்பாட்டாளரும் அவருக்கு மேலே பேசவில்லை.

அன்றிரவு கிராமத்து வீடொன்றில் தங்கினோம். பலாப்பிஞ்சுக் கறியும் கருவாடும் சிவப்பரிசிச் சோறும் தந்தார்கள். வீட்டுக்கார அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குச் சிங்களம் அரைகுறை. ஆனாலும் அக்கா அந்தக் கறியின் செய்முறையைக் கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் படுத்தார்.

மறுநாள் காலை 6 மணிக்கே புறப்பட்டோம், பிற்பகல் மழைக்கு முன் திரும்பிவிட வேண்டும் என்பதற்காக. நீர் மீண்டும் தெளிந்திருந்தது. நீர்வீழ்ச்சி உயரத்தில் பெரியது அல்ல; மூன்று தென்னை உயரம் இருக்கலாம். ஆனால் ஒடுங்கிய பள்ளத்தாக்கின் முடிவில், வெயில் இன்னும் எட்டாத நேரத்தில், வேறு ஒரு மனிதரும் இல்லாமல் அதன் முன்னே நின்றது எனக்குப் போதும். அதன் பெயரை இங்கே எழுதாமல் விடுவது வேண்டுமென்றேதான். திரும்பும் வழியில் காட்டிய சேர எல்ல என்ற நீர்வீழ்ச்சிக்குப் படிக்கட்டு இருக்கிறது, பின்புறக் குகைக்குள் நின்று நீர்த்திரையை உள்ளிருந்து பார்க்கலாம், அழகானது. ஆனால் படிகளில் பிஸ்கட் உறைகளும் வெற்றுப் போத்தல்களும் கிடந்தன. 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி நக்கிள்ஸ். அந்தப் பெருமையைச் சொல்லி அழைத்துச் சென்ற ஏற்பாட்டாளரே எங்கள் மதிய உணவை பொலித்தீன் தாளில் சுற்றித் தந்தார் என்பதையும் எழுதத்தான் வேண்டும். குப்பையைத் திரும்ப எடுத்து வந்தார்கள்; வாழையிலையில் கட்டியிருந்தால் அந்த வேலையே இருந்திருக்காது.

அருவியடியில் தம்பி சொன்ன ஒன்று நினைவில் நிற்கிறது. இந்த ஓடைகள் அம்பன் கங்கையைச் சேருகின்றன. அதில் ஒரு பங்கு எலஹெரவில் கால்வாய்க்குத் திரும்பி மின்னேரியா, கவுடுல்ல குளங்களைத் தாண்டிக் கந்தளாய்க் குளத்துக்கு வருகிறது, மீதி மகாவலியில் கலந்து மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலை அடைகிறது. கந்தளாய்க் குளத்து நீர்தான் சுத்திகரிக்கப்பட்டு எங்கள் வீட்டுக் குழாயில் வருகிறது. அக்காவின் மகன் உடனே குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "வீட்டுத் தண்ணியைவிடக் குளிர்" என்றான்.

பெண்கள் கவனிக்க வேண்டியது: நனையாமல் திரும்ப முடியாது, உடை மாற்ற மறைவிடம் எதுவும் ஏற்பாடு செய்யப்படவில்லை. நாங்கள் ஒரு சேலையைப் பிடித்துச் சமாளித்தோம். செருப்போடு வந்த இருவரைப் புறப்படும்போதே தடுத்திருக்க வேண்டும். பாதி வழியில் ஒருவரின் செருப்பு அறுந்து, எல்லோரும் காத்திருந்தோம். முழங்கால் வலி உள்ளவர்களும் பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளும் இந்த வழியைத் தவிர்ப்பதே நல்லது.

இனிப் படகு. விளம்பரப் படத்தில் ஒரு பெண் துடுப்புப் போட்டு நீர்வீழ்ச்சியை நோக்கிச் செல்கிறார். உண்மையில் அந்த ஓடையில் எந்தப் படகும் போகாது. கிராமத்துக்குக் கீழே, ஆறு தேங்கி நிற்கும் ஒரு மடுவில், இரண்டு பேர் அமரும் காற்றடைத்த படகு ஒன்றில், உயிர்காப்பு அங்கியுடன், ஆளுக்குப் பதினைந்து நிமிடம் சுற்றவிட்டார்கள். திருகோணமலையில் பிறந்தவர்களுக்குப் பதினைந்து நிமிடப் படகு ஒரு காரியமா? ஊர் திரும்பியதும் தொலைபேசியில் இதைச் சொன்னேன். ஏற்பாட்டாளர் மறுத்துப் பேசவில்லை. மூவருக்கும் தலா 1,000 ரூபாயை மறுநாளே வங்கிக் கணக்கில் போட்டுவிட்டார். விளம்பரத்தில் அந்தப் படம் மட்டும் இன்னும் இருக்கிறது.