சின்ன போட்டுக்கு எந்த ஜிபிஎஸ்? மட்டக்களப்புக் கடலில் பாவித்த அனுபவம்

விடியப் புறத்தில் போய் மத்தியானத்துக்குள் கரை திரும்புகிற பைபர் போட்காரருக்குக் கலர்த் திரையும் மெப்பும் உள்ள ஜிபிஎஸ் தேவையில்லை. விலை குறைந்த, கறுப்பு வெள்ளைத் திரை உள்ள, கடையில் விற்கிற பென்டோர்ச் பற்றரி இரண்டு போட்டால் ஓடுகிற கையடக்க மெஷின் ஒன்று போதும். நான் வைத்திருப்பது கார்மின் ஈட்ரெக்ஸ் 10. மச்சானிடம் அதே கம்பனியின் ஜிபிஎஸ்மெப் 78 இருக்கிறது, கலர்த் திரை, தண்ணீரில் மிதக்கும், விலையும் அதற்கேற்ற மாதிரி. இரண்டும் பல வருஷமாக ஒரே போட்டில்தான் போய் வருகின்றன, அதனால் ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறது.

முதலில் மெப் விஷயம். கடையில் காட்டும்போது கலர் மெப் கண்ணைப் பறிக்கும். கடலுக்குள் போனபிறகு பார்த்தால் கரைக்கோடு ஒரு பக்கம் கிடக்கும், மற்றதெல்லாம் வெறும் நீலம். ஆழமும் பாறையும் காட்டுகிற கடல் வரைபடம் வேண்டுமென்றால் அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். நமக்கு வேண்டியது மெப் இல்லை, பொயின்ட். எந்த இடத்தில் கல் (மீன் கூடுகிற கடலடிப் பாறை) இருக்கிறது, எந்த இடத்தில் வலை விட்டோம், முகத்துவாரம் எந்தப் பக்கம், இவ்வளவுதான். ஈட்ரெக்ஸ் 10இல் 1000 பொயின்ட் வரை போட்டு வைக்கலாம், அதை நிரப்ப ஒரு ஆயுள் போதாது.

இந்த மெஷினெல்லாம் வர முதல் ஆட்கள் கல்லைக் கண்டுபிடித்த விதம் தெரிந்ததுதானே. கரையில் இரண்டு அடையாளத்தை ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக நேர்பிடித்து, இன்னொரு பக்கம் குடும்பிமலையையோ வெளிச்சவீட்டையோ பார்த்து இடத்தை மட்டுக்கட்டுவது. எங்கள் மாமா இன்றைக்கும் அப்படித்தான் பார்ப்பார். ஆனால் 2004 சுனாமியில் நாவலடிப் பக்கம் மரமும் கட்டடமும் போனதோடு பழைய அடையாளங்களில் பாதி போய்விட்டது. மப்பு மூடின நாளில் மலையும் தெரியாது. ஜிபிஎஸ் உண்மையில் உதவுவது அங்கேதான்.

எவ்வளவு துல்லியம் என்று கேட்பீர்கள். வானம் திறந்து கிடக்கிற கடலில் சாதாரணமாக 3 முதல் 5 மீற்றர். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான சிக்னலை வேண்டுமென்றே குழப்பி வைத்திருந்தது, நூறு மீற்றர் வரை பிழைக்கும். இப்போது அந்தத் தொல்லை இல்லை. 1942இல் ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்கிற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் நமது கரையிலிருந்து ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் தள்ளி, ஐம்பது மீற்றருக்கும் கூடின ஆழத்தில் கிடக்கிறது. அவ்வளவு நீளக் கப்பலுக்கு மேலே போய் நிற்க எந்த மலிவு மெஷினும் காணும். ஒரு வீட்டளவு கல்லுக்கு மேலே நிற்பதுதான் பாடு, அதற்குப் பாதி மெஷின், பாதி நீரோட்டத்தைத் தெரிந்த கை.

இனி அதிகம் பேர் இடறுகிற இடம். ஒருவர் கொடுத்த நம்பரை, அதாவது இடத்தின் அகலக்கோடு நெடுங்கோட்டை, இன்னொருவர் மெஷினில் போடும்போது கல் கிடைக்காமல் போகும். மாமா ஒருநாள் வாழைச்சேனை ஆழ்கடல் போட்காரர் ஒருவர் துண்டில் எழுதிக்கொடுத்த நம்பரைக் கொண்டுவந்தார். போட்டு, போய்ப் பார்த்தால் தூண்டில் கயிறு ஓடிக்கொண்டே இருக்கிறது, கல்லே இல்லை. "மருமகன், மெஷின் சரியான இடத்துக்குத்தான் கொண்டு வந்திருக்கு, கல்லுத்தான் இடம் மாறிப் போயிருக்கு" என்று சிரித்தார். விஷயம் என்னவென்றால் துண்டில் இருந்தது பாகை, நிமிஷம், செக்கன். மெஷினில் இருந்தது பாகை, நிமிஷம், நிமிஷத்தின் தசமம். உதாரணத்துக்கு 7 பாகை 40 நிமிஷம் 30 செக்கன் என்றால் மெஷினில் 40.500 என்று போட வேண்டும். 40.300 என்று போட்டால் 0.2 நிமிஷம் பிழைக்கும். அகலக்கோட்டில் ஒரு நிமிஷம் ஒரு கடல் மைல், 1852 மீற்றர். ஆக 370 மீற்றர் தள்ளி நின்றுகொண்டு கல்லைத் தேடுவீர்கள். நம்பர் வாங்கும்போது கடைசி எண் செக்கனா தசமமா என்று கேளுங்கள், செட்டிங்கில் பொசிஷன் ஃபோர்மட்டை (நம்பர் எழுதுகிற முறை) அதற்கேற்ற மாதிரி மாற்றிவிட்டுப் போடுங்கள். டேட்டம் என்று ஒன்றும் அங்கேயே இருக்கும், நம்பரைப் பூமியில் எந்த அளவீட்டின்படி பொருத்துவது என்பது அது, அதை டபிள்யூஜிஎஸ் 84இலேயே விட்டுவிடுங்கள், தொட வேண்டாம்.

முகத்துவாரம் பற்றி ஒரு எச்சரிக்கை. பாலமீன்மடுப் பக்கம் மணல் வருஷா வருஷம் இடம் மாறும், மாரியில் வெட்டி ஓடும், பிறகு மூடும். போன வருஷம் வெளியே போன தடம் மெஷினில் இருக்கிறது என்று அதை நம்பி இருட்டில் உள்ளே வரக்கூடாது. தடம் சரியாகத்தான் இருக்கும், வாய்க்கால் அங்கே இருக்காது.

திரையைப் பொறுத்தவரை கறுப்பு வெள்ளைக்குத்தான் என் வோட்டு. பத்து மணி வெயிலில் மச்சான் கையால் மறைத்துக் குனிந்து பார்ப்பார், என்னுடையதில் வெயில் ஏற ஏற எழுத்து இன்னும் தெளிவாகும். பற்றரியும் அப்படித்தான், கம்பனி சொல்வது ஈட்ரெக்ஸ் 10க்கு 25 மணித்தியாலம், 78க்கு 20. சார்ஜ் பண்ணுகிற பற்றரி போடுகிறவர்கள் மெனுவில் பற்றரி வகையை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பற்றரி அளவு பொய் சொல்லும். 2023இல் வந்த ஈட்ரெக்ஸ் எஸ்இ அதே இரண்டு பற்றரியில் 168 மணித்தியாலம் ஓடும் என்கிறார்கள். புதிதாக வாங்குகிறவர் அதைப் பார்க்கலாம், அமெரிக்காவில் வந்தபோது 150 டொலர் அளவில் இருந்தது. நமது ஊருக்கு வந்து சேரும்போது என்ன விலை என்பது ரூபாவின் பாட்டைப் பொறுத்தது, 2022க்குப் பிறகு அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

மச்சானின் மெஷின் என்னுடையதை வெல்கிற இடமும் உண்டு. தவறி விழுந்தால் மிதக்கும், ஈட்ரெக்ஸ் கல் மாதிரிப் போய்விடும். நான் வலையில் கட்டுகிற மிதப்புத் துண்டு ஒன்றைக் கயிற்றில் கோத்துக் கட்டியிருக்கிறேன், பார்க்க அசிங்கம், வேலை செய்கிறது. இரண்டாவது, அதில் ஆள் விழுந்தால் அமத்திப் பிடிக்க ஒரு பட்டன் இருக்கிறது, அந்த இடத்தை உடனே குறித்துத் திரும்பி வர வழிகாட்டும். இரவில் வலை வளைக்கிறவர்கள் அதற்காகவே கூடக் காசு கொடுக்கலாம், நான் தடுக்க மாட்டேன்.

உப்பு. ஐபிஎக்ஸ்7 என்று பெட்டியில் போட்டிருப்பது ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணித்தியாலம் தாங்கும் என்பதற்கு. அது கடலில் வருஷக்கணக்காக உப்புத் தண்ணீர் தெறிப்பதைப் பற்றிப் பேசவில்லை. எந்த மெஷினுக்கும் முதலில் போவது பற்றரி அறைதான்: மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு மணல் இருந்தாலே போதும், உப்பு உள்ளே கசிந்து தகட்டில் பச்சை பிடிக்கும். கரைக்கு வந்ததும் மூடி இறுகியிருக்க நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, பிறகு திறந்து வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். பச்சை பிடித்திருந்தால் பென்சில் அழிக்கிற றப்பரால் தேய்த்தால் போகும். மாரிகாலத்தில் கடல் போகாத நாட்களில் பற்றரியைக் கழற்றி வையுங்கள்.

ஃபோன் போதாதா என்கிறார்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் ஃபோன் ஜிபிஎஸ் வேலை செய்யும், அது உண்மை. ஆனால் மீன் செதிலும் உப்பும் பட்ட விரலுக்குத் தொடுதிரை கேட்காது. மற்றது, இந்த மெஷின் எதுவும் மீனைக் காட்டாது, ஆழத்தையும் காட்டாது, அதற்கு வேறு சாமான் இருக்கிறது.

பழையது வாங்கப் போகிறீர்களா? திறந்த வெளிக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். நாட்கணக்காக நிற்பாட்டியிருந்த மெஷின் செட்டலைட்டைப் பிடிக்கச் சில நிமிஷம், சிலவேளை பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேலும் எடுக்கும், அது பழுதில்லை. கடலுக்குப் போகிற நாளிலும் கரையிலேயே போட்டு விடுவது இதனால்தான். திகதி ஏறக்குறைய இருபது வருஷம் பின்னால் காட்டினாலும் பயப்பட வேண்டாம்: ஜிபிஎஸ் கிழமைக் கணக்கு 1024இல் சுற்றி மறுபடி பூச்சியத்துக்கு வரும், கடைசியாக 2019 ஏப்ரலில் வந்தது, பழைய மெஷின்கள் அதில் குழம்பும். இடம் சரியாகக் காட்டினால் திகதியைச் சொல்லி விலையைக் குறையுங்கள். பட்டன் எல்லாவற்றையும் அமத்திப் பாருங்கள். மினி யூஎஸ்பி வயரையும் சேர்த்துக் கேளுங்கள், ஃபோன் வயர் அதற்குப் போகாது, பொயின்ட்டுகளைக் கொம்பியூட்டரில் எடுத்து வைக்க அது கட்டாயம் வேண்டும். வயர் கிடைக்காவிட்டால் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், செக்கனா தசமமா என்பதையும் சேர்த்து.