என் வீட்டு வைஃபையை எனக்குத் தெரியாமல் வாடகைக்கு விட்டிருந்தார் லைன் போட்டவர் - உங்கள் ரூட்டரையும் பாருங்கள்

மேற்குத் தாம்பரம் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஏரியா கேபிள்காரர் மூலமாக வீட்டுக்கு இன்டர்நெட் லைன் எடுத்தவர்கள் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். எனக்கு நடந்தது நான்கு மாதம் எனக்கே தெரியவில்லை.

வீட்டிலிருந்தபடி சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு போட்டுக் கொடுக்கிறேன். ரிட்டர்ன் போடக் கடைசி நாளான மாதம் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் நெட் இல்லாமல் எனக்கு வேலை ஓடாது. முதலில் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் சமாளித்தேன். ஒரு நாளைக்கு 2 ஜிபி. அது தீர்ந்துவிட்டால் 64 கேபிபிஎஸ் வேகத்தில் ஜிஎஸ்டி போர்ட்டல் திறக்கவே திறக்காது. அதனால்தான் ஜூனில் லைன் எடுத்தோம். வந்தவர் தன்மையாகப் பேசினார். "அக்கா, 100 எம்பிபிஎஸ், மாசம் 599. ஆறு மாசம் சேர்த்துக் கட்டிடுங்க, ரூட்டர் ஃப்ரீ" என்றார். 3,594 ரூபாயை அவருடைய சொந்த நம்பருக்கே ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு, "கம்பெனியிலேருந்து எஸ்எம்எஸ் வரும்க்கா" என்றார். வரவில்லை. நெட் நன்றாக வந்ததால் நானும் திரும்பக் கேட்கவில்லை. அங்கேதான் தப்பு நடந்தது.

ஆகஸ்டிலிருந்து ராத்திரி எட்டு மணிக்கு மேல் நெட் இழுக்க ஆரம்பித்தது. கேட்டால் மழை என்றார், ஜாயின்ட் என்றார், கான்கிரீட் சுவர் என்றார். யாராவது நம் பாஸ்வேர்டைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துகிறார்களோ என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்து, அவரிடமே சொன்னேன். உடனே வந்து, என் முன்னாலேயே பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்புறமும் அதே கதைதான். செப்டம்பர் 20 அன்று மூன்று கடைகளின் ரிட்டர்ன் போகவில்லை. போனில் இருந்த டேட்டாவும் சாயங்காலமே தீர்ந்திருந்தது. ஒரு ரிட்டர்னுக்கு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். என்னை நம்பிக் கொடுத்தவர்களிடம் அதைக் கேட்க மனம் வராமல் நானே கட்டினேன்.

அந்த வாரம் சித்தி மகன் வந்திருந்தான். நெட்வொர்க் வேலை பார்க்கிறவன். ரூட்டரின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து, பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தான். பெயரும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். திறந்துகொண்டது. எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு போன், ஒரு லேப்டாப், ஒரு டிவி, மகளின் டேப். மொத்தம் ஐந்து. அங்கே 13 காட்டியது.

அதைவிட என்னை உலுக்கியது வேறு. ஒரே ரூட்டரில் இரண்டு வைஃபை பெயர்கள் வைக்கலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எங்கள் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர், அதற்குத் தனி பாஸ்வேர்ட். அவர் என் முன்னால் மாற்றியது எங்களுடையதை மட்டும். அந்த இரண்டாவது பெயரை என் போனில் தினமும் பார்த்திருக்கிறேன். எப்போதும் முழு சிக்னலோடு இருக்கும். பக்கத்து வீட்டு வைஃபை என்றே நினைத்திருந்தேன்.

எங்கள் ஹாலுக்குச் சுவர் ஒட்டிய பின் போர்ஷனில் வேலைக்குப் போகும் மூன்று பையன்கள் தங்கியிருக்கிறார்கள். போய்க் கேட்டேன். பயந்துபோய் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஆளுக்கு மாதம் 300 ரூபாய் கட்டுகிறார்களாம். "ஷேரிங் பிளான்னு சொன்னாருக்கா" என்று ஜிபே ரசீதுகளைக் காட்டினார்கள். நான் பணம் அனுப்பிய அதே நம்பர். அந்தத் தம்பிகள் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. அவர்களும் காசு கொடுத்து ஏமாந்தவர்கள்தான்.

அடுத்து கம்பெனியின் ஆப்பில் என் நம்பரைப் போட்டால் அப்படி ஒரு வாடிக்கையாளரே இல்லை என்றது. கஸ்டமர் கேரில் அரை மணி நேரம் காத்திருந்து கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. லைன் என் பெயரில், என் ஆதார் நகலை வைத்து எடுத்தது. பதிவு செய்த மொபைல் நம்பர் மட்டும் அவருடையது. ஓடிபி, பில், ரசீது எல்லாம் அவருக்கே போயிருக்கின்றன. பிளானும் 100 இல்லை, மாதம் 399 ரூபாய்க்கான 40 எம்பிபிஎஸ். மாதாமாதம் அவரே ரீசார்ஜ் செய்திருக்கிறார். ஆக மாதம் என்னிடம் 200, பையன்களிடம் 900.

பணம் போனதைவிட எனக்குப் பயம் வேறு ஒன்றில். 2008 ஜூலை 26 அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்களுக்கு முன் வந்த மிரட்டல் மின்னஞ்சலைப் போலீஸ் தேடிப் போனபோது, அது நவி மும்பையில் ஒரு அமெரிக்கர் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டது. அவருடைய பூட்டில்லாத வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அவர் வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் போலீஸ் எடுத்துப்போய்ச் சோதித்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு ரூட்டருக்குப் பின்னால் இருக்கும் 13 கருவிகளுக்கும் ஒரே ஐபி முகவரிதான், அதாவது இன்டர்நெட்டில் அந்த லைனை அடையாளம் காட்டும் எண். அந்த முகவரிக்கு எதிரே இருப்பது என் பெயர். யாருடைய பணத்தை யார் திருடினாலும் முதலில் தட்டப்படுவது என் வீட்டுக் கதவு.

கம்பெனி முதலில் "அது ஃபிராஞ்சைஸி விஷயம், அவரிடமே பேசுங்கள்" என்று, லைன் போட்ட ஏரியா ஏஜென்டையே கைகாட்டியது. விடாதீர்கள். புகாருக்கு டாக்கெட் நம்பர் (புகார் பதிவு எண்) தரச் சொல்லி வாங்குங்கள். அதில் தீராவிட்டால் மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் ஒவ்வொரு கம்பெனியிலும் உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்தேன். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) வாங்கி வைத்திருக்கிறேன், நாளைக்கு ஏதாவது வந்தால் காட்டுவதற்கு. ஒன்பது நாள் அலைந்த பிறகு பதிவில் இருந்த மொபைல் நம்பரை என்னுடையதாக மாற்றினார்கள். பணம் இன்னும் வரவில்லை.

நீங்கள் இன்றைக்கே கம்பெனி ஆப்பில் உங்கள் நம்பரைப் போட்டு ஓடிபி வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அங்கேயே சந்தேகப்படுங்கள். ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டும் வைஃபை பாஸ்வேர்டும் வேறு வேறு. இரண்டையும் நீங்களே மாற்றுங்கள், லைன் போட்டவரைக் கூப்பிடாதீர்கள். மாற்றும்போது வைஃபை பெயர் எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். டபிள்யூபிஎஸ் (WPS) என்று, பாஸ்வேர்ட் அடிக்காமலே வைஃபையில் இணையவிடும் வசதி ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள். பணத்தைத் தனி ஆளின் நம்பருக்கு அனுப்பாமல் கம்பெனி ஆப்பிலேயே கட்டுங்கள், ஆதார் நகல் கொடுத்தால் எதற்காக என்று அதன்மேலேயே எழுதிக் கொடுங்கள்.

நேற்று காய் வாங்கப் போனபோது பார்த்தேன், அதே ஆள் அடுத்த தெருவில் ஏணி போட்டுப் புது வீட்டுக்கு கேபிள் இழுத்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டு அம்மாவிடம் இன்று சாயங்காலம் போய்ப் பேசப் போகிறேன்.