கான்ட்ராமார், மெக்சிகோ சிட்டி: மதியம் போங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கேளுங்கள்

கடலே கண்ணுக்கெட்டாத, சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊரில் பச்சை மீனை நம்பிச் சாப்பிடலாமா என்று யோசிப்பது நியாயம்தான். ஆனால் நாட்டின் மிகப் பெரிய மீன் சந்தையான லா நுவேவா வீகா இதே மெக்சிகோ சிட்டியில்தான் இருக்கிறது. பசிபிக் பக்கத்துச் சரக்கும் மெக்சிகோ வளைகுடாப் பக்கத்துச் சரக்கும் அங்கே வந்து இறங்குகின்றன. ரோமா நோர்தே பகுதியில், துராங்கோ தெரு 200ஆம் எண்ணில் இருக்கும் கடலுணவுக் கடையான கான்ட்ராமாரைச் சமையல் கலைஞர் கேப்ரியேலா காமரா 1998இல் தொடங்கினார். வெள்ளை மேசை விரிப்பு போட்ட இடம்தான், ஆனாலும் சமையலில் கடற்கரைக் கொட்டகையின் எளிமை இருக்கிறது. அதுதான் இதன் பலம்.

இது மதியச் சாப்பாட்டுக் கடை. மெக்சிகோவில் மதியச் சாப்பாடு என்றால் இரண்டு மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும், நாலு நாலரை வரை இழுக்கும். அந்த நேரத்தில் முன்பதிவு இல்லாமல் போனால் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான். முன்பதிவு கிடைக்காதவர்கள் திறக்கும் நேரத்துக்கே போய் நிற்பது நல்லது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்று திட்டம் போடாதீர்கள். கூடம் நிரம்பிவிட்டால் இரைச்சல் அதிகம், அமைதியாகப் பேச வேண்டிய காரியத்துக்கு வேறு இடம் பார்க்கலாம்.

முதலில் கேட்க வேண்டியது சூரை மீன் தொஸ்தாதா. மொறுமொறுவெனப் பொரித்த தட்டையான மக்காச்சோள ரொட்டியின் மேல் சிப்போத்லே மிளகாய் கலந்த மயோனைஸ், அதன் மேல் சோயா சாஸிலும் ஆரஞ்சுச் சாற்றிலும் புரட்டிய பச்சைச் சூரைத் துண்டுகள், ஒரு கீற்று அவகாடோ, உச்சியில் மொறுமொறுப்பாகப் பொரித்த லீக் என்ற வெங்காய வகைத் தாள். எலுமிச்சையைச் சில சொட்டு மட்டும் விடுங்கள். நிறையப் பிழிந்தால் மீனின் மேல்பரப்பு வெளுத்து, சோயாவின் ருசியும் அடிபட்டுப் போகும். தட்டு வந்து சில நிமிடங்களிலேயே மயோனைஸின் ஈரம் அடியில் இறங்க ஆரம்பித்துவிடும். அதனால் படம் எடுப்பதெல்லாம் சீக்கிரம் முடியட்டும். கத்தி, முள்கரண்டி வேண்டாம், குத்தினால் நொறுங்கிச் சிதறும். கையில் எடுத்துக் கடிப்பதுதான் வழி.

அடுத்து அகுவாச்சிலே. சினலோவா மாநிலத்துச் சமாச்சாரம்: பச்சை இறாலை நடுவில் பிளந்து, எலுமிச்சைச் சாறும் பச்சை மிளகாயும் சேர்த்து அரைத்த கரைசலை ஊற்றி அப்போதே பரிமாறுவார்கள். எலுமிச்சைச் சாற்றில் பச்சை மீனை ஊற வைக்கும் செவிச்சே போல இதை ஊற விடுவதில்லை. நல்ல அகுவாச்சிலேயில் இறாலின் நடுப்பகுதி இன்னும் கண்ணாடி மாதிரி இருக்கும். முழுக்க வெள்ளையாகி ரப்பர் போல இழுத்தால் அதிக நேரம் புளிப்பில் கிடந்திருக்கிறது என்று அர்த்தம், எந்தக் கடையாக இருந்தாலும். எலுமிச்சை இறாலின் சதையை இறுக வைக்குமே தவிர, அடுப்புச் சூடு போலக் கிருமிகளைக் கொல்லாது. கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் இதையும் தொஸ்தாதாவையும் விட்டுவிட்டு நேரே சுட்ட மீனுக்குப் போகலாம்.

அந்தச் சுட்ட மீன்தான் பெஸ்காதோ அ லா தாய்யா. கெர்ரேரோ மாநிலக் கடற்கரைச் சமையலில் முழு மீனைப் புத்தகம் போல விரித்து, மசாலா தடவித் தணலில் வாட்டுவார்கள். கான்ட்ராமார் செய்த மாற்றம் ஒன்றுதான்: ஒரு பாதியில் காய்ந்த மிளகாய் அரைத்த சிவப்பு மசாலா, மறு பாதியில் பூண்டும் பார்ஸ்லியும் அரைத்த பச்சை. மீன் சங்கரா வகையைச் சேர்ந்த ரெட் ஸ்னாப்பர். சிவப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதில் காரத்தைவிடப் புகை வாசமும் லேசான இனிப்பும்தான் தூக்கல். காரம் வேண்டுமானால் சல்சா இருக்கிறது. பச்சைப் பக்கத்தை முதலில் சாப்பிடுங்கள். சிவப்பில் ஆரம்பித்தால் பிறகு பார்ஸ்லி எடுபடாது. தொர்த்தியா என்ற மெல்லிய மக்காச்சோள ரொட்டி சூடாக இருக்கும்போதே மீனைப் பிய்த்து வைத்துச் சுருட்ட வேண்டும். ஆறினால் விறைத்து, மடிக்கும்போது வெடிக்கும். முழு மீன் இரண்டு மூன்று பேருக்குத் தாராளம்.

இங்கே பலரும் செய்யும் தவறு, உட்கார்ந்ததும் ஆறு ஐட்டங்களை ஒரே மூச்சில் சொல்வது. எல்லாம் சேர்ந்து வந்தால் தொஸ்தாதா நமுத்து, இறால் ஊறி, மீன் ஆறி நிற்கும். இரண்டு பேருக்கு ஒரு தொஸ்தாதா, அகுவாச்சிலே போல ஒரு குளிர்ந்த ஐட்டம், ஒரு மீன் போதும். முந்தையதை முடிக்கும் தறுவாயில் அடுத்ததைச் சொல்லுங்கள். அசைவம் தொடாதவருக்கு இங்கே சாப்பிட அதிகம் இல்லை.

இனிப்புகளைத் தட்டில் அடுக்கி மேசைக்கே கொண்டுவந்து காட்டுவார்கள். அத்திப்பழ டார்ட்டைப் பார்த்தால் எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் பசியைப் பொறுத்து.

நீங்களாகக் கேட்காமல் பில் வராது. கேட்பதற்கு முன் நீட்டுவது மெக்சிகோவில் மரியாதைக் குறைவு. ‘லா குவெந்தா, போர் ஃபவோர்’ என்றால் போதும். மெனு விலையிலேயே 16% வரி அடங்கியிருக்கும். டிப்ஸ் சட்டப்படி கட்டாயமில்லை, வழக்கம் 10 முதல் 15%. கார்டு தேய்க்கும்போது எத்தனை சதவீதம் என்று பணியாளர் கேட்பார், மெஷினில் எண்ணை அழுத்தும் முன் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டுக் கார்டு என்றால் உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா என்று மெஷினே கேட்கலாம். மெக்சிகோ பணமான பெசோ என்பதையே தேர்ந்தெடுங்கள், மற்றதில் மாற்று விகிதம் பெரும்பாலும் மோசமாக இருக்கும்.