சிஸ்டம்சிடிஎல்: பச்சைப் புள்ளியை எவ்வளவு நம்பலாம்?

லினக்ஸில் பின்னணியில் ஓடும் சர்வீஸ்களைப் பார்க்க முதலில் கை போகவேண்டிய கருவி சிஸ்டம்சிடிஎல். 2015-இல் டெபியன் 8, உபுண்டு 15.04 ஆகிய லினக்ஸ் வகைகள் இரண்டும், சர்வீஸ்களைக் கிளப்பி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்கு மாறியதிலிருந்து கூடவே வருகிறது, தனியாக நிறுவ வேண்டாம்.

'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' என்று அடித்து சர்வீஸின் பெயரைக் கொடுத்தால் ஓடுகிறதா, எப்போதிலிருந்து, பிராசஸ் எண் என்ன, கடைசி 10 லாக் வரிகள் எவை என்று ஒரே திரையில் காட்டிவிடுகிறது. இந்த ஒரு வசதிக்கே முழு மதிப்பெண் கொடுக்கலாம். லாக் வரிகள் வராவிட்டால், நிர்வாகி உரிமை தரும் சுடோவை முன்னால் சேர்த்து அடியுங்கள். சாதாரணப் பயனருக்கு அவற்றைப் படிக்க உரிமை இருக்காது. பெயர் கொடுக்காமல் 'சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்ட்' என்றால் விழுந்து கிடப்பவை மட்டும் வரும்.

ஆக்டிவ் வேறு, எனேபிள்ட் வேறு. முன்னது இப்போதைய நிலை. பின்னது அடுத்த பூட்டில் தானாகக் கிளம்புமா என்பது. ஸ்டார்ட் மட்டும் கொடுத்துவிட்டு எனேபிள் செய்ய மறந்தால், ரீபூட்டுக்குப் பிறகு சர்வீஸ் இருக்காது. 'எனேபிள் --நவ்' இரண்டையும் ஒன்றாக முடித்துவிடும்.

பெரிய குறை, ஸ்டேட்டஸ் திரையில் சர்வீஸ் பெயருக்கு முன்னால் தெரியும் பச்சைப் புள்ளிதான். டெபியனிலும் உபுண்டுவிலும் போஸ்ட்கிரெஸ்கியூஎல் சர்வீஸைக் கேட்டால் 'ஆக்டிவ் (எக்ஸிட்டட்)' என்று பச்சையாக நிற்கும், டேட்டாபேஸ் செத்துக் கிடந்தாலும். அது வெறும் முகப்பு. உள்ளே வேலை செய்வது பதிப்பு எண்ணோடு 'மெயின்' என்று முடியும் இன்னொரு சர்வீஸ், பார்க்கவேண்டியது அதை. அடைப்பில் 'ரன்னிங்' இருக்கிறதா என்று பாருங்கள். 'எக்ஸிட்டட்' எல்லாமே கோளாறும் அல்ல: ஒருமுறை ஓடி முடியும் வேலைகளுக்கு, உதாரணமாக யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலுக்கு, அதுதான் இயல்பு.

விழுந்து விழுந்து எழும் சர்வீஸும் ஏமாற்றும். 10 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் கிளம்ப முயன்றால் சிஸ்டம்டி தானாகவே கைவிட்டு ஃபெயில்ட் என்று காட்டும். ரீஸ்டார்ட் இடைவெளியை 5 விநாடி என்று வைத்திருந்தாலோ அந்த வரம்பைத் தொடவே தொடாது; நாளெல்லாம் சுழலும். ஸ்டேட்டஸை இரண்டு முறை அடித்து 'சின்ஸ்' நேரத்தை ஒப்பிடுங்கள், மாறிக்கொண்டே இருந்தால் மாட்டிக்கொண்டது.

ஸ்கிரிப்டில் ஸ்டேட்டஸின் எழுத்துகளை கிரெப் வைத்துத் தேடாதீர்கள். அதற்கென்றே 'இஸ்-ஆக்டிவ் --கொயட்' இருக்கிறது: ஆக்டிவ் என்றால் 0, இல்லாவிட்டால் வேறு எண் திரும்பும்.

'ரன்னிங்' என்று வந்தாலும் சிஸ்டம்சிடிஎல் சொல்வது பிராசஸ் உயிரோடிருக்கிறது என்பதை மட்டுமே. பதில் தருகிறதா என்று அறிய 'எஸ்எஸ் -எல்டிஎன்' கொடுத்து போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வெப் சர்வர் என்றால் கர்ல் வைத்து ஒரு பக்கத்தைக் கேட்டும் பார்த்துவிடுங்கள்.