மூன்றாம் நாள் மூடியைத் திறக்கும்போது: ஹம்மஸா, குவாகமோலேயா, சாட்ஸிகியா, முஹம்மராவா?

எங்கள் ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில், மூடி போட்ட ஒரு கண்ணாடிக் கிண்ணத்துக்கு ஒரு வருடமாக நிரந்தர இடம் உண்டு. கையில் ரொட்டி இருந்தாலும் நறுக்கிய கேரட் இருந்தாலும் தொட்டுக்கொள்ள அதில் ஏதாவது இருக்க வேண்டும். ஞாயிறு காலை ஒருமுறை செய்தால் புதன் இரவு வரை வர வேண்டும். வீட்டில் பேசி முடிவு செய்தது இவ்வளவுதான். அந்த இடத்துக்கு மெக்சிகோவின் குவாகமோலே, கிரேக்கர்களின் சாட்ஸிகி, சிரியாவின் அலெப்போ நகரத்து முஹம்மரா, மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையோரமான லெவாண்ட் பகுதி முழுவதற்கும் பொதுவான கொண்டைக்கடலை மசியல் ஹம்மஸ் என நான்கையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். கடைசியில் ஹம்மஸ் நிலைத்துவிட்டது.

ருசியை வைத்து இந்த முடிவை எடுக்கவில்லை. செய்த அன்று நான்குமே நன்றாக இருக்கும். அரை மணி நேரத்தில் சாப்பிட்டு முடித்துவிடலாம் என்றால் என் ஓட்டு குவாகமோலேக்குத்தான். சத்துக் கணக்கிலும் நான்கில் எதையும் ஒதுக்கிவிட முடியாது. நான் பார்த்தது வேறு. எந்தத் தொடுகறியும் ஃப்ரிட்ஜில் வைத்தால் பதம் மாறத்தான் செய்யும். மாறிய பதத்தைத் திருப்பிக் கொண்டுவர முடிகிறதா? இந்த ஒரு கேள்வியில்தான் நான்கும் பிரிந்து நின்றன.

குவாகமோலேயில் தொடங்குகிறேன். மெக்சிகோவின் பழங்குடி மொழியான நவாத்தலில் அவகாடோவைக் குறிக்கும் சொல்லும், குழம்பு அல்லது சாஸைக் குறிக்கும் ‘மோல்லி’யும் சேர்ந்து வந்த பெயர் இது. பழுத்த அவகாடோவை முள்கரண்டியால் மசித்து எலுமிச்சைச்சாறு, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லித்தழை, உப்பு சேர்த்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அடுப்பும் வேண்டாம், மிக்ஸியும் வேண்டாம். ஆனால் நமக்கு நேரம் கிடைக்கும் வரை பழம் காத்திருக்காது. அவகாடோ மரத்தில் பழுப்பதில்லை, பறித்த பிறகுதான் பழுக்கும். சனிக்கிழமை கல்லாக இருக்கிறது, திங்கட்கிழமை சரியாக இருக்கிறது, புதன்கிழமை உள்ளே கறுத்துவிடுகிறது. ஞாயிறுதான் செய்வேன் என்று நாள் குறித்துக்கொண்டவருக்கு இது ஒத்துவராது.

அதைவிடப் பெரிய சிக்கல் நிறம். பழத்தை மசித்ததும் அதிலுள்ள பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து வேலையைத் தொடங்கிவிடும். கொட்டையைக் கிண்ணத்தில் போட்டு வைத்தால் கறுக்காது என்பார்கள். கொட்டை எந்த இடத்தை மூடுகிறதோ அந்த இடம் மட்டும்தான் பச்சையாக இருக்கும், அதற்குக் காரணமும் அங்கே காற்று படாததுதான். எலுமிச்சையின் புளிப்பு நொதியின் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. பிளாஸ்டிக் உறையை மேற்பரப்பில் ஒட்டும்படி அழுத்தி வைத்துப் பார்த்தேன். மேலே மெல்லிதாகத் தண்ணீர் ஊற்றி வைத்து, எடுக்கும்போது வடித்தும் பார்த்தேன். தண்ணீர் முறை இன்னும் கொஞ்சம் நன்றாக வேலை செய்தது. ஆனாலும் இரண்டாம் நாள் மாலை நிறம் பரவாயில்லாமல் இருந்ததே தவிர வாசனை மந்தமாகிவிட்டது. கறுத்த மேல் படலத்தால் உடம்புக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை, வழித்துப் போட்டால் கீழே பச்சை இருக்கும். ஆனால் வழித்ததைத் திரும்பப் பச்சையாக்க வழி கிடையாது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வழித்து எறிய வேண்டியிருக்கிறது.

சாட்ஸிகியில் தொல்லை தருவது தண்ணீர். துருக்கியில் ‘ஜாஜிக்’ என்று வழங்குவதன் உறவு இது. கெட்டித் தயிர், துருவிய வெள்ளரி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், புதினா அல்லது சோயிக்கீரை, கொஞ்சம் எலுமிச்சை அல்லது வினிகர். வெள்ளரியில் ஏறத்தாழ 95 சதவீதம் தண்ணீர்தான். அதனால் துருவி உப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் வைத்து, துணியில் கட்டிப் பிழிய வேண்டும். கை வலிக்கப் பிழிந்தாலும் மறுநாள் காலை கிண்ணத்தின் ஓரத்தைச் சுற்றி மஞ்சள் கலந்த தெளிநீர் நிற்கும். தயிரில் இருக்கும் உப்பு மிச்ச வெள்ளரியிலிருந்தும் நீரை இழுத்துக்கொண்டே இருக்கிறது, தயிரும் தன் பங்குக்கு நீர் விடுகிறது. வடித்துவிட்டால் தயிர் கெட்டியாகிவிடும், உண்மைதான். ஆனால் தொய்ந்துபோன வெள்ளரிக்கு அந்த நறுக்கென்ற கடி திரும்புவதில்லை. பச்சைப் பூண்டின் காரமும் நாளுக்கு நாள் ஏறுகிறது. தயிரையும் பூண்டையும் மட்டும் கலந்து வைத்துக்கொண்டு வெள்ளரியைச் சாப்பிடும்போது சேர்க்கலாம். அப்படிச் செய்தால் நன்றாகவே இருக்கிறது, ஆனால் பசியோடு வருகிறவர் துருவியைத் தேட வேண்டியிருக்கும். வாட்டிய இறைச்சிக்குப் பக்கத்தில் அன்றே செய்து அன்றே தீர்ப்பதற்கு இதற்கு இணை இல்லை.

இடையில் வேறு இரண்டையும் முயன்றேன். வியட்நாமின் நுவோக் சாம், அதாவது மீன் சாஸ், எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், மிளகாய், பூண்டு கலந்த தெளிந்த சாறு, உப்பாலும் புளிப்பாலும் நன்றாகவே நாள் தாங்கியது. ஆனால் அது தோய்த்து எடுப்பதற்கான சாறு. கேரட் துண்டின் நுனியில் நிற்காது. லெபனானின் தூம் பூண்டையும் எண்ணெயையும் அடித்து வெண்மையாக எழுப்புவது. இரண்டு முறைதான் செய்திருக்கிறேன், அதில் ஒருமுறை எண்ணெய் பிரிந்துவிட்டது. அதனால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன்: எண்ணெய்க்குள் பச்சைப் பூண்டு இருக்கும் எதையும் வெளியே வைக்காதீர்கள். காற்றுப் புகாத அந்தச் சூழலில் பொட்டுலிசம் என்ற கடுமையான நச்சுநோய்க்குக் காரணமான கிருமி வளர வாய்ப்பு உண்டு.

இனி ஹம்மஸ். அரபியில் ‘ஹும்முஸ்’ என்றால் கொண்டைக்கடலை. கடலையும் எள் விழுதும் சேர்ந்த இந்தப் பண்டத்தின் முழுப்பெயர் ‘ஹும்முஸ் பி தஹீனா’. இது யாருடைய சொத்து என்பதில் லெபனானுக்கும் இஸ்ரேலுக்கும் பெரிய போட்டியே நடந்தது. 2010 மே மாதம் லெபனானில் ஒரே தட்டில் 10,452 கிலோ செய்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். லெபனானின் பரப்பளவு 10,452 சதுர கிலோமீட்டர். எடை அதே எண்ணில் வந்து நின்றதைப் படித்தபோது, ஒரு கடலை மசியல் மேல் மனிதர்களுக்கு இவ்வளவு பற்று இருக்கிறதே என்று நெகிழ்ந்துபோனேன்.

செய்முறையில் நான் அக்கறை எடுக்கும் இடங்கள் மூன்று. முதலாவது கடலை. 200 கிராம் வெள்ளைக் கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்து, மறுநாள் புதுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி சமையல் சோடா சேர்த்து வேகவைக்கிறேன். சோடாவின் காரத்தன்மை தோலையும் செல் சுவரையும் பிடித்திருக்கும் பெக்டினை இளக்கிவிடுகிறது. தோல் தானாகக் கழன்று மேலே மிதக்கும், கரண்டியால் அள்ளிவிடலாம். வெந்துவிட்டதா என்று பார்க்க ஒரு கடலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துவேன். வெண்ணெய்போலப் பரவ வேண்டும். நடுவில் சிறு கட்டி தட்டுப்பட்டாலும் இன்னும் பத்து நிமிடம் அடுப்பில் இருக்கட்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் அரைக்கும்போது என்ன செய்தாலும் மணல்போல நறநறக்கும்.

இரண்டாவது பூண்டு. பூண்டை நசுக்கும்போதுதான் அதன் காரமான அல்லிசின் உருவாகிறது. அதை உருவாக்கும் நொதிக்குப் புளிப்பு ஆகாது. அதனால் பூண்டை எலுமிச்சைச்சாற்றுக்குள்ளேயே நசுக்கிப் பத்து நிமிடம் விட்டு, சாற்றை மட்டும் வடித்து எடுத்துக்கொள்கிறேன். பூண்டின் மணம் இருக்கும், நெடி இருக்காது. சாட்ஸிகியில் நாள்பட ஏறிய அந்தக் காரம் ஹம்மஸில் புதன்கிழமைகூட ஏறவில்லை.

மூன்றாவது தஹினி. அந்தச் சாற்றில் 100 கிராம் தஹினியை ஊற்றிக் கலக்கினால் முதலில் இறுகிப்போகும். முதல்முறை பார்க்கிறவர்கள் கெட்டுவிட்டது என்றே நினைப்பார்கள். எள்ளின் துகள்கள் எண்ணெயில் மிதந்துகொண்டிருக்கும் விழுதுதான் தஹினி. கொஞ்சம் ஈரம் பட்டதும் துகள்கள் அதை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அங்கேயே நின்றுவிடாமல் ஐஸ் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டு அடிக்க வேண்டும். மூன்றாவது, நான்காவது கரண்டியில் சட்டென்று இளகி, பழுப்பு நிறம் போய், கிட்டத்தட்ட வெள்ளையாகிவிடும். எண்ணெயும் நீரும் பிரியாமல் கலந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம். அதில் சூடான கடலையையும் உப்பையும் போட்டு நான்கு நிமிடம் விடாமல் அரைத்தால் பதம் வந்துவிடும்.

இவ்வளவு விரிவாகச் சொன்னதற்குக் காரணம், மூன்றாம் நாள் இந்த உழைப்பு திரும்பக் கிடைக்கிறது என்பதுதான். ஹம்மஸும் ஃப்ரிட்ஜில் மாறுகிறது, மாறவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆறும்போது கடலையின் மாவுச்சத்து இறுகுகிறது, குளிரில் இன்னும் இறுகுகிறது. செய்த அன்று கரண்டியிலிருந்து வழிந்தது மறுநாள் வெட்டி எடுக்கும் அளவுக்குக் கெட்டியாகிவிடும். புளிப்பும் சற்று அடங்கித் தெரியும். ஆனால் தேவையான அளவைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து, ஒன்றிரண்டு கரண்டி வெந்நீரும் நான்கு சொட்டு எலுமிச்சையும் விட்டு முள்கரண்டியால் ஒரு நிமிடம் அடித்தால் போதும். பளபளப்பு திரும்புகிறது, இழுத்தால் கோடு விழுகிறது, ஞாயிற்றுக்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம். காரணம், அதற்குள் நீரை விடும் காயும் இல்லை, காற்றுப் பட்டதும் கறுக்கும் பழமும் இல்லை. மாவுச்சத்தும் எள்ளும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. குறைவது ஈரமும் புளிப்பும் மட்டும்தான், இரண்டும் நம் கையில் இருக்கின்றன.

உறையவைத்தும் இரண்டு முறை பார்த்தேன். எடுத்தபோது கொஞ்சம் குருணையாக இருந்தது, மீண்டும் அரைத்ததும் சரியானது. ஒரு மாதத்துக்கு மேல் வைத்துப் பார்த்ததில்லை. சாட்ஸிகியை உறையவைக்கவே கூடாது, தயிர் திரிந்து வெள்ளரி பஞ்சாகிவிடும்.

நாள் தாங்கும் என்பதற்காக அலட்சியமும் கூடாது. 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைக்க வேண்டும், மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது, கடித்த ரொட்டியைப் பெரிய கிண்ணத்தில் தோய்க்கக் கூடாது. நான்கு நாளுக்கு மேல் நான் வைப்பதில்லை. புளித்த வாடையோ சிறு குமிழிகளோ தெரிந்தால் கொட்டிவிட வேண்டும். வெந்நீர் விட்டு மீட்கலாம் என்று நான் சொல்வது இறுகியதை மட்டும்தான், கெட்டதை அல்ல. தஹினி பாட்டிலையும் கவனிக்க வேண்டும். நாள்பட எண்ணெய் மேலே வந்து அடியில் கட்டி சேர்ந்துவிடும். தலைகீழாக வைத்துவிட்டு, பயன்படுத்தும் முன் அடிவரை கிளறினால் போதும்.

எள் ஒவ்வாமை உள்ள வீட்டில் இந்தப் பேச்சே மாறிவிடும். பலருக்கு அது கடுமையாகவே வருகிறது. அமெரிக்காவில் 2021-இல் வந்த சட்டம் எள்ளை ஒன்பதாவது முக்கிய ஒவ்வாமைப் பொருளாகச் சேர்த்து, 2023 ஜனவரி 1 முதல் உணவு உறைகளில் அதைக் குறிப்பிடுவதைக் கட்டாயமாக்கியது. விருந்தினர் வருகிறார்கள் என்றால் ஹம்மஸை மேசையில் வைக்கும் முன் நான் கேட்டுவிடுகிறேன். மிக்ஸி வலுவில்லாத வீட்டிலும் ஹம்மஸ் ஏமாற்றமாகத்தான் வரும். அங்கே முள்கரண்டி போதும் என்கிற குவாகமோலேயை அன்றன்றைக்குச் செய்துகொள்வது மேல்.

முஹம்மராவைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், ஹம்மஸைத் தோற்கடிக்கக்கூடிய ஒன்று இருந்தால் அது இதுதான் என்று தோன்றுவது. அரபியில் ‘சிவக்கச் செய்தது’ என்று பொருள். சுட்ட சிவப்புக் குடைமிளகாய், வால்நட், ரொட்டித்தூள், சுண்டக் காய்ச்சிய மாதுளைச்சாறு, சீரகம், மிளகாய், ஆலிவ் எண்ணெய். செய்த அன்று ஒவ்வொரு ருசியும் தனித்தனியாக நிற்கும், மறுநாள்தான் ஒன்றுகூடும். குடைமிளகாய் விடும் நீரை ரொட்டித்தூள் குடித்துக்கொள்கிறது, அதனால் கிண்ணத்தில் நீர் நிற்பதில்லை. கெட்டியானால் ஒரு கரண்டி எண்ணெய் விட்டுக் கிளறினால் இளகிவிடுகிறது. அதாவது இதையும் மீட்க முடிகிறது.

ஆனால் நான்கே முறைதான் செய்திருக்கிறேன், அதில் ஒருமுறை கசந்தது. வால்நட் பழையதாக இருந்திருக்க வேண்டும். அதன் எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும் வகை, அரைத்த பிறகு அந்தக் காறலை எதைச் சேர்த்தும் எடுக்க முடியவில்லை. அதன் பிறகு, வாங்கியதும் ஒரு பருப்பைக் கடித்துப் பார்த்துவிட்டு, மீதியை உறைபெட்டியில் போட்டுவிடுகிறேன். இந்த ஞாயிறு இரண்டையும் அரைக் கிண்ணம் அரைக் கிண்ணமாகச் செய்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புதன் இரவு எது முதலில் காலியாகிறது என்று பார்க்கப் போகிறேன்.