மொட்டை மாடிக்கு ஒரு பைனாகுலர்: இரண்டரை மாதம் பயன்படுத்திய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பறவை நிபுணன் கிடையாது. காக்கா, மைனா, கிளி, குயில் இந்த நாலைத் தாண்டினால் போன பொங்கல் வரைக்கும் எனக்கு எல்லாமே 'ஏதோ குருவி'தான். நங்கநல்லூரில் மூன்றாவது மாடி ஃப்ளாட், அதற்கு மேலே மொட்டை மாடி. எதிரில் இன்னும் பில்டர் கையில் சிக்காத ஒரு பழைய தனி வீடு, அதன் கொல்லையில் ஒரு மாமரம், இரண்டு தென்னை, ஒரு வேம்பு, பாதி பட்டுப்போன ஒரு முருங்கை. தெருமுனையில் இரண்டு புங்க மரம். இவ்வளவுதான் என் காடு. இதைப் பார்க்க மாசி பிறந்த வாரத்தில் ஐயாயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்து ஒரு 8×42 பைனாகுலர் வாங்கினேன். "இந்தக் காசுக்கு ஒரு நல்ல மிக்ஸி வாங்கியிருக்கலாம்" என்று வீட்டில் சொன்னார்கள், அது இப்போதும் அவ்வப்போது வருகிறது.

பிராண்டு பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த விலையில் நான் கையில் எடுத்துப் பார்த்த மூன்று நான்கும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருந்தன, பெட்டி மட்டும் வேறு. அதனால் எதைப் பார்த்து வாங்குவது, எங்கே காலை வாரிவிடும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

கடையில் முதலில் என் கையில் கொடுத்தது 20×50. "சார், இதுல நிலாவுல இருக்கற பள்ளமே தெரியும்" என்றார் விற்பனைப் பையன். நிலாவைப் பார்க்கவா வந்தேன்? ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்த ஒரு மருந்துக் கடை போர்டை வைத்துப் பார்த்தேன். எழுத்து பெரிதாகத் தெரிந்தது உண்மைதான், ஆனால் கரகாட்டம் ஆடியது. எத்தனை மடங்கு பெரிதாக்குகிறதோ அத்தனை மடங்கு நம் கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும், இருபது மடங்கெல்லாம் ட்ரைபாட் இல்லாமல் வேலைக்கே ஆகாது. அதே போர்டை 8×42-ல் பார்த்தபோது எழுத்து சிறியதுதான், ஆனால் நின்றது, படிக்க முடிந்தது. அந்த 8 என்பது எட்டு மடங்கு, அதாவது நாற்பது மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் பறவை ஐந்து மீட்டரில் இருப்பது போலத் தெரியும். 42 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் ஐந்தேகால் வருகிறதே, அந்த ஐந்தேகால் மில்லிமீட்டர் அகலத்துக்குத்தான் வெளிச்சம் நம் கண்ணுக்குள் விழுகிறது. சட்டைப்பையில் அடங்குகிற 10×25 சின்னதுகளில் இது இரண்டரைதான். மத்தியானத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. சாயங்காலம் ஆறரைக்கு எதிர் வீட்டுத் தண்ணீர் டேங்க் மேல் ஒரு புள்ளி ஆந்தை வந்து உட்காரும், அப்போதுதான் அந்த வித்தியாசத்துக்குக் கொடுத்த காசு தெரியும். வெறும் கண்ணுக்குக் கறுப்பு உருண்டையாக இருந்தது, இதில் வெள்ளைப் புருவமும் மஞ்சள் கண்ணும் வைத்துக்கொண்டு, நம்மைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டுகிறது. ஏதோ கணக்குக் கேட்பது போல.

சென்னையில் வசந்தம் ஏது என்று கேட்பவர்கள் நிறைய. பஞ்சாங்கப்படி இளவேனில் சித்திரையில்தான் ஆரம்பம், நமக்கு அப்போது கத்திரி வெயில் எட்டிப்பார்க்க ஆரம்பித்துவிடும். பறவைகளுக்கு இந்தப் பஞ்சாங்கம் தெரியாது போலிருக்கிறது, அவை மாசியிலேயே ஆரம்பித்துவிடுகின்றன. புங்க மரம் இலையைக் கொட்டிவிட்டு நின்ற அந்தச் சில நாட்களில்தான் அதற்குள் இரண்டு காக்கா கூடு இருப்பதே எனக்குத் தெரிந்தது, அதில் ஒன்றில் துணி காயப்போடும் கம்பி ஹேங்கர் ஒன்று வளைந்து செருகியிருந்தது. போன வருஷம் மாடியில் காணாமல் போனது அதுதானா என்று சத்தியம் செய்ய முடியாது, நிறம் அதேதான். கொஞ்ச நாளில் தளதளவென்று புதுத் தளிர் மூடிக்கொண்டது, கூடும் மறைந்துவிட்டது. ஆகவே பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் ஜனவரி கடைசி, பிப்ரவரியிலேயே வாங்கிவிடுங்கள். மே மாதத்தில் வாங்கினால் இலையைத்தான் எட்டு மடங்கு பெரிதாகப் பார்ப்பீர்கள்.

இப்போது என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். முதல் ஒரு வாரம் இதை வைத்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தலைவலி. மட்டமான சாமான், திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பில்லைக்கூடத் தேடி எடுத்து வைத்துவிட்டேன். அப்புறம்தான் வலது கண் பக்கம் இருக்கும் வளையத்தின் வேலை என்ன என்று பார்த்தேன். நம் இரண்டு கண்ணுக்கும் பார்வை ஒரே மாதிரி இருப்பதில்லை, அந்த வித்தியாசத்தைச் சரிசெய்வதுதான் அந்த வளையம், டயாப்டர் என்பார்கள். தூரத்தில் ஒரு போர்டைப் பாருங்கள். வலது பக்க லென்ஸைக் கையால் மூடிக்கொண்டு நடுச் சக்கரத்தை மட்டும் திருகி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது பக்கத்தை மூடிக்கொண்டு, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது வளையத்தை மட்டும் திருகுங்கள். அவ்வளவுதான், ஒரு தடவை செய்துவிட்டால் பிறகு நடுச் சக்கரம் மட்டும் போதும். கடையில் யாரும் இதைச் சொல்லவில்லை. பெட்டிக்குள் இருந்த தாளில் இருந்தது, பொடி எழுத்தில், அதைப் படிக்கவே இன்னொரு பைனாகுலர் வேண்டும். என்னுடையதில் இந்த வளையம் கொஞ்சம் லூஸ், பையில் போட்டு எடுத்தால் தானாக நகர்ந்துவிடுகிறது. சரியான இடத்தில் நகப்பாலிஷால் ஒரு புள்ளி வைத்துவிட்டேன், பிரச்சினை தீர்ந்தது.

தலைவலி நின்ற மறுநாள் காலையில்தான் அந்த 'டொக் டொக் டொக்'கின் சொந்தக்காரரைப் பிடித்தேன். வெயில் ஏற ஏற, யாரோ எங்கேயோ பாத்திரம் தட்டுவது போல நிறுத்தாமல் ஒரு சத்தம் கேட்கும் இல்லையா, அது செம்மார்புக் குக்குறுவான். மெர்லின் என்ற செயலி இருக்கிறது, அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் இலவசமாகத் தருவது, குரலைக் கேட்டே பெயர் சொல்லிவிடும். பெயர் தெரிந்துவிட்டது, ஆளைத்தான் காணோம். சத்தம் ஒரு பக்கம் கேட்கும், பறவை வேறு பக்கம் இருக்கும், தலையைத் திருப்பித் திருப்பிக் கத்துவதால் நம்மை நன்றாக ஏமாற்றும். கடைசியில் அந்தப் பட்டுப்போன முருங்கைக் கிளையில் உட்கார்ந்திருந்தது. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது, பச்சை உடம்பு, நெற்றியில் குங்குமம் அப்பியது போல ஒரு சிவப்பு, தொண்டையிலும் ஒரு சிவப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள், கால்கூடச் சிவப்பு. நான் அசந்துபோனது நிறத்தைப் பார்த்து இல்லை. அது கத்தும்போது வாயே திறக்கவில்லை! அலகு மூடியே இருக்கிறது, ஒவ்வொரு 'டொக்'குக்கும் தொண்டை பலூன் மாதிரி உப்பி அடங்குகிறது, தலை கூடவே ஒரு சின்னக் குலுக்கு. நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் இதைச் செய்கிறது. நாற்பத்தாறு வயது வரை இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன், எந்த மரத்திலிருந்து வருகிறது என்று ஒரு நாளும் தேடியதில்லை.

இரண்டு நாள் கழித்து அதே கிளையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு ஓட்டை. இரண்டு பறவைகள், மாற்றி மாற்றி வந்து குடைகின்றன. ஒன்று உள்ளே தலையை விடும், வெளியே எடுத்து அலகை உதறும், மரத்தூள் சிதறும், சில துகள்கள் முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். தச்சுப் பட்டறையில் வேலை செய்பவர் மீசையில் தூள் ஒட்டியிருப்பது போல. இதையே தினமும் காலையில் அரை மணி நேரம் பார்க்க ஆரம்பித்தேன், வம்பும் அங்கேதான் ஆரம்பித்தது.

எதிர் வீட்டு மாமி ஒரு நாள் கொல்லையில் நின்றுகொண்டு மேலே பார்த்துக் கேட்டுவிட்டார்: "என்ன சார், டெய்லி காலம்பற எங்காத்தையே பாத்துண்டிருக்கேளே, ஏதாவது சர்வேயா?" எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் தப்பே இல்லை, ஒரு ஆள் மாடியில் நின்று பைனாகுலரை நம் வீட்டுப் பக்கமே திருப்பி வைத்திருந்தால் நானும் கேட்பேன், இதைவிடக் கடுமையாகக் கேட்பேன். எந்த விமர்சனத்திலும் எழுதாத விஷயம் இது: ஃப்ளாட்டில் இருப்பவர்கள் பைனாகுலர் வாங்கினால் முதல் வேலையாக அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுங்கள், முடிந்தால் அவர்கள் கையிலும் ஒரு தடவை கொடுத்துவிடுங்கள். நான் அன்றைக்கே கீழே இறங்கிப் போய் மாமி கையில் கொடுத்தேன்.

இங்கேதான் இன்னொரு விஷயமும் தெரிந்தது. மாமி கண்ணாடி போட்டவர், முதலில் பார்த்தபோது "நடுவுல ஒரு பொட்டாட்டம் தெரியறது, சுத்திவர இருட்டா இருக்கு" என்றார். கண் வைக்கும் ரப்பர் வளையத்தைத் திருகிக் கீழே இறக்கியதும் முழு வட்டமும் தெரிந்தது. கண்ணாடி போடுபவர்கள் கடையில் மறக்காமல் இதைச் சோதிக்க வேண்டும், வளையம் இறங்குகிறதா, இறக்கியபின் கண்ணாடியோடு முழுப் படமும் தெரிகிறதா என்று. கண்ணுக்கும் லென்ஸுக்கும் நடுவில் பதினைந்து மில்லிமீட்டருக்குக் குறைவாக விடுகிற மாடல் என்றால் கண்ணாடிக்காரர்களுக்குக் கஷ்டம்தான். சரி, மாமி பார்த்தார். ஒரு நிமிடம் பேச்சில்லை. பிறகு, "ஐயோ, இதுக்கு மீசை இருக்கே!" என்றார். ஆமாம், அலகின் அடியில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும், ஒரு வாரமாகப் பார்த்தும் என் கண்ணில் படாதது அது. அந்தக் கிளை துவைக்கிற கல் மேல் விழுந்துவிடும் என்று மரம் வெட்டுகிற ஆளை வரச்சொல்லி இருந்தாராம். அவரைப் பிறகு வரச்சொல்லிவிட்டார்.

குறைகள். பக்கத்தில் இருப்பதைப் பார்ப்பதில் பெட்டியில் போட்டிருப்பது ஒன்று, நடப்பது ஒன்று. இரண்டு மீட்டரிலிருந்தே ஃபோகஸ் ஆகும் என்று அச்சடித்திருக்கிறார்கள், டேப் வைத்து அளந்தேன், மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இது ஏன் முக்கியம் என்றால் என் பால்கனி கேபிள் வயரில் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு கூடு கட்டியது. தொங்குகிற பை மாதிரி ஒரு கூடு, சிலந்தி நூலை வைத்து நார், பட்டைத் துணுக்கு எல்லாம் ஒட்டி, வாசலுக்கு மேல் ஒரு சின்ன சன்ஷேடு வேறு. பால்கனிக் கதவருகில் நின்றால் மங்கல், கூடத்துக்குள் நாலு அடி பின்னால் போய் டிவி ஸ்டாண்டை ஒட்டி நின்றால்தான் தெளிவு. ஒருவிதத்தில் அதுவும் நல்லதுதான், கூட்டுக்குப் பக்கத்தில் நாம் போய் நிற்கக் கூடாது. பட்டாம்பூச்சி பார்க்கத்தான் வாங்குகிறேன் என்பவர்கள் மட்டும் இந்த அளவைக் கடையிலேயே சோதித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக் கொக்கு வானத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு தென்னை மட்டையில் உட்கார்ந்தால் அதன் விளிம்பில் ஊதாக் கோடு ஒன்று ஓடுகிறது. இந்த விலைக்கு இதை நான் குறையாகவே சொல்ல மாட்டேன். வட்டத்தின் ஓரங்களில் படம் கொஞ்சம் வழிகிறது, அதுவும் பரவாயில்லை. ஆனால் முன்பக்க லென்ஸ் மூடிகள் சும்மா சும்மா கழன்று விழுகின்றன, ஒன்று மாமி வீட்டு மாமரத்தடியில் எங்கேயோ கிடக்கிறது. நீர் புகாது, உள்ளே நைட்ரஜன் நிரப்பியிருக்கிறோம் என்கிறார்கள், வாளித் தண்ணீரில் முக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நம்மூர் ஈரப்பதத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறேன், வாரண்டி அட்டையில் பூஞ்சைக்குப் பொறுப்பில்லை என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கரணைக்கும் எடுத்துப் போனேன், 2022-ல் ராம்சர் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவித்தார்களே, அதே சதுப்பு நிலம்தான். அங்கே இது எடுபடவில்லை. தூரத்தில் பூநாரைக் கூட்டம் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அந்த மாதிரி பரந்த இடத்துக்கு ட்ரைபாடில் வைக்கிற ஸ்கோப் வேண்டும், அதன் விலையைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இது தெருவுக்கான சாமான். மரத்துக்கு மரம், மாடிக்கு மாடி, இருபது முதல் அறுபது மீட்டருக்குள். ஆயிரம் மீட்டர் தூரத்தில் 129 மீட்டர் அகலம் தெரியும் என்று இதில் போட்டிருக்கிறது. அந்த அகலம் இருப்பதால்தான் நிலையாக நிற்காத தையல்சிட்டையும் தேன்சிட்டையும் விடாமல் பின்தொடர முடிகிறது. பத்து மடங்குக் காரர்கள் பறவையைத் தேடி முடிப்பதற்குள் அது அடுத்த தெருவுக்குப் போயிருக்கும்.

சித்திரை பிறந்ததும் ஓணான்களின் முறை. மதில் மேல் ஒரு ஆண் ஓணான் தலை தோள் எல்லாம் செக்கச்செவேல் என்று ஏற்றிக்கொண்டு தண்டால் எடுத்துக்கொண்டிருந்தது, ஒவ்வொரு செதிலும் தனித்தனியாகத் தெரிந்தது. ஆனால் ஒன்று, காலை எட்டரைக்கு மேல் மாடியில் நிற்க முடியவில்லை, தரை சுடுகிறது. குழந்தைகள் கையில் கொடுத்தால் பக்கத்திலேயே இருங்கள், தவறிக்கூடச் சூரியன் பக்கம் திருப்பக் கூடாது, கண் போய்விடும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். மூடிக்கு அரை, ஃபோகஸ் தூரத்தைக் குறைத்துச் சொன்னதற்கு அரை, கழுத்துப் பட்டைக்கு அரை கழித்துக்கொண்டேன். பட்டை சொரசொரவென்று வேர்வையில் கழுத்தை அறுக்கிறது. பழைய லேப்டாப் பையில் இருந்த பட்டையை மாட்டியிருக்கிறேன், கொஞ்சம் நீளம், ஆனால் மாமிக்கும் அதுதான் வசதியாக இருக்கிறதாம்.